பாலாற்றில் நான் போட்ட கோடு

தென்னிந்தியா முழுவதும் ஒரே கோப்பாய் இறங்கியது.
எனக்குத் தேவை ஒரு கைக்குட்டை அகலம்:
மேற்கே விரிஞ்சிபுரம், கிழக்கே ரத்தினகிரி,
தெற்கே கணியம்பாடி, வடக்கே காட்பாடி தாண்டி
கொஞ்சம்.
நான்கு எண்கள் கொடுத்தேன். கத்தரித்துத் தந்தது.

நாற்பது நிமிடம் விசிறி இரைந்தபின்
சைக்கிளுக்கான வழிகாட்டி திறந்தது,
வேலூரே தட்டை என்றது.
சைதாப்பேட்டைக் குன்றின் மேலேறி
மறுபக்கம் இறங்கச் சொன்னது,
மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில்.
உயரக் கோப்பை வைக்க மறந்திருக்கிறேன்.

வடக்கு பன்னிரண்டு, கிழக்கு எழுபத்தொன்பது
என்று பெயரிட்ட சதுரத்தை
அது தேடும் இடத்தில் வைத்தேன்.
பெயரில் ஓரெழுத்து பெரிதாக இருக்க வேண்டுமாம்;
அதற்கு ஒரு ராத்திரி போனது.
மறுநாள் மலைகள் முளைத்திருந்தன.

பிறகு விலை.
எந்தச் சாலைக்கு எவ்வளவு வலி என்று
எண்ணில் எழுத வேண்டும்.
தார் ஒன்று. ஜல்லி இரண்டு.
பாலம், லாரிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில்: ஏழு.
கிரீன் சர்க்கிளுக்குப் பத்துக்கு மேல் போட இடமில்லை.
தோட்டப்பாளையத்தில் நாய்கள் படுக்கும் சந்துக்கு
யாரும் குறிச்சொல் யோசித்து வைக்கவில்லை.
நானே ஒன்று செய்தேன்,
இரவு பத்துக்கு மேல் மட்டும் கடிக்கும்படி.

ஆறுதான் தகராறு.
வரைபடத்தில் பாலாறு நீலம்.
பிரம்மபுரத்திலிருந்து சத்துவாச்சாரி
கூப்பிடு தூரம். மென்பொருளோ
பாலம் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் என்றது.
தண்ணீரில் சைக்கிள் போகாது என்பது அதன் நியாயம்.
நாங்கள் அந்த நீலத்தின் மேல்தான்
டயரில் மணல் ஒட்டப் போய்வருகிறோம்.
சம்பங்கி பால்கேன்களோடு போகிறார்,
ஒரு கையால் பீடி பற்றவைத்தபடி.

ஒரு ஞாயிறு, போனை ஹேண்டில்பாரில் கட்டி
அக்கரைக்கும் இக்கரைக்கும் மூன்று முறை ஓட்டினேன்.
மூன்று தடங்கள், மூன்றும் வேறு.
நடுவாக ஒன்று வரைந்தேன்.
தரை: மணல். விலை: மூன்று.
காலம் என்ற பெட்டியைக் காலியாக விட்டேன்.
அப்போது சித்திரை.

ஆய்வகத்தில் ஆறு பேர் கோப்பை வாங்கிக்கொண்டார்கள்.
ஜபீனாவுக்கு இருபது நிமிடம் மிச்சம்.
காலை ஷிப்டுக்கு முன் டீ குடிக்க முடிகிறது என்று
எனக்கும் ஒன்று வாங்கித் தந்தாள்.

ஐப்பசிக் கடைசியில் ஆந்திரப் பக்கம் பெய்ததற்கு
இங்கே ஆறு வந்தது.
இரவு ஒன்றரைக்கு சம்பங்கி கூப்பிட்டார்:
"தண்ணி வந்துகீதுப்பா. முட்டிக்கு மேல கீது."

கோட்டை அழித்தேன். மறுபடி நாற்பது நிமிடம் விசிறி.
புதுக் கோப்பை ஆறு பேருக்கும் அனுப்பி
ஒவ்வொருவராக எழுப்பினேன்.
ஐந்து பேர் திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டார்கள்.
ஜபீனாவின் போன் எட்டவில்லை.
அதற்குள் இன்னும் சித்திரை.
சிக்னல் இல்லாமலும் வழி சொல்ல வேண்டும் என்று
நான்தான் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தேன்.

அவள் வீடு எந்தத் தெரு, தெரியாது.
எந்த வழியாக வருவாள் என்பது
மீட்டர் கணக்கில் தெரியும்.

நாலரைக்குப் போய், கோடு தொடங்கும் இடத்தில்
சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்றேன்.
இருட்டில் ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும்,
கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்பதுபோல்.
டார்ச் அடித்தேன். நுரையில் ஒற்றைச் செருப்பு போயிற்று.

ஐந்து பத்துக்கு ஒரு சின்ன வெளிச்சம்
நான் வரைந்த வளைவுகளில்
ஒன்றுவிடாமல் வளைந்து வந்தது.
அவள் கைப்பைக்குள்ளிருந்து குரல்:
"நேராகச் செல்லவும். அறுநூற்று நாற்பது மீட்டர்."

பிரேக் பிடித்து என்னைப் பார்த்தாள்,
அப்புறம் எனக்குப் பின்னால்.
"நல்லவேளை, நீங்க இங்க இருந்தீங்க" என்றாள்.
அதற்கு என்ன பதில் சொல்வது.

பாலம் சுற்றிப் போனோம்.
ஒன்பது கிலோமீட்டரும் அந்தக் குரல்
திரும்பவும், திரும்பவும் என்றது.
அதை நிறுத்த அவளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
காட்பாடி லாரிகளுக்கு நடுவே
கேட்டுக்கொண்டே மிதித்தேன்.